மாரில் கட்டிய மல்லிகை

எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தது ராயபுரத்தில், அம்மா வீட்டில். அறுபதுகளின் கடைசி. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வரிசை வீடுகளில் ஆளாளுக்கு ஒரு சட்டம் போடுவார்கள். அதில் என் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. தாகம் என்றால் ஒரு மடக்கு வெந்நீர்தான், மறு மடக்கு கேட்டால் வயிறு ஊதிவிடுமாம். காதில் பஞ்சு. தலையணைக்கு அடியில் இரும்பு ஆணி, பக்கத்திலேயே ஜெபமாலை. இரண்டில் எது காப்பாற்றும் என்று கேட்டேன்.

"வாய மூடிகினு படுடீ. பச்ச ஒடம்புல காத்து பூந்துக்கும்" என்றாள்.

எனக்குப் பால் சுரக்கவில்லை. அம்மா தினமும் கடற்கரைக்குப் போய் பால்சுறா வாங்கிவந்து, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டு செய்து தருவாள். வீடே நாறும். மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றேன். பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் வைத்தோம். பெண் குழந்தை. ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய என் கணவர், வேலை முடிந்து வந்து, கையெல்லாம் கிரீஸ் என்று வாசலில் நின்றே அதைப் பார்த்துவிட்டுப் போவார்.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது அம்மா அதை முந்தானையால் முகத்தோடு மூடியிருந்தாள். பச்சை உடம்புக்காரி கல்லறைக்கு வரக்கூடாது என்று என்னை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். என் பிள்ளை மண்ணுக்குள் போனதை நான் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அன்று சாயங்காலம் பால் வந்தது. ரவிக்கை நனைந்து பாயும் நனைந்தது. வாய்விட்டு அழுதேன்.

பாலை வற்றவைக்க மல்லிகைப்பூதான் மருந்து. அம்மா சரம் சரமாக வாங்கிவந்து மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு பூ வைக்கவில்லை.

அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டு இளம் மருமகளும் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். அவளுக்குப் பால் இல்லை. டின் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றாலே போனது. பகலெல்லாம் அழும். அது அழும்போதெல்லாம் கட்டுத்துணியை மீறி எனக்குப் பால் ஒழுகும்.

"அந்தக் கொயந்தய இங்க எடுத்தாரச் சொல்லும்மா, நான் குடுக்கறேன்" என்றேன்.

"இன்னாடி பேசற? செத்த கொயந்தையோட பாலு அது. அத்தக் குடிச்சா அதுக்கும் அதே கதிதான்."

சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய மாமியாரும் இதையேதான் சொன்னாளாம். அவர்கள் அம்மனைக் கும்பிடுகிறவர்கள், நாங்கள் மாதாவை. குழாயடியில் தினமும் முட்டிக்கொள்ளும் இரண்டு பேரும் இதில் மட்டும் ஒரே கட்சி. அம்மா பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைத்துக் கட்டிக்கொண்டே இருந்தாள். குழந்தையின் அழுகையில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு மத்தியானம் அம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி தன் குழந்தையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கமாக வந்தாள். மாமியார் தூங்குகிறாளாம்.

"யக்கா, இன்னா ஆனாலும் ஆவட்டும். ஒரு வாய் குடுக்கா. அயுவக்கூட தெம்பில்லக்கா அதுக்கு."

கட்டுத்துணியின் முடிச்சை அவிழ்த்தேன். வதங்கிப் பழுப்பேறிய பூவெல்லாம் மடியில் கொட்டியது. குழந்தை வாய் வைத்துச் சப்பியது. விட்டுவிட்டு மறுபடியும் சப்பியது. அடுத்த பக்கம் மாற்றிக் கொடுத்தேன். பிழிந்துகூடப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

அவள் குழந்தையின் உதட்டில் ஒட்டியிருந்த பூவிதழை எடுத்துப் போட்டுவிட்டு, வந்த வழியே போனாள்.

அம்மா பூப்பொட்டலத்தோடு திரும்பி வந்தாள்.

"வேணாம்மா, வத்திப்போச்சு" என்றேன்.

பொட்டலத்தை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா கண்ணத் தொறந்துட்டாங்க" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழ ஆரம்பித்தது. என் ரவிக்கை நனையவில்லை.