ஆறாவது சஷ்டியும் ஹெலிகொப்டரும்

கந்தசஷ்டி ஐந்தாம் நாள் பின்னேரம், என் கணவர் என்னை உற்றுப் பார்த்து, "நீங்கள் ஆர்? பீட்டரோட வந்தனீங்களோ?" என்று கேட்டார்.

எட்டு வருடமாக என்னோடு ஒரே வீட்டில் இருந்த மனுசன். முதலில் பகிடி என்றுதான் நினைத்தேன். இவருக்குப் பகிடி விட நேரம் காலம் தெரியாது. "உங்கட மனுசிதான், வேற ஆர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மரியாதையாகத் தலையை ஆட்டினார். பிறகு கையுறைகளைக் கழற்றிக் கவனமாக ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, சப்பாத்தையும் கழற்றத் தொடங்கினார். கோயில் வாசலுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தாரோ தெரியாது. காலுக்குக் கீழே பனிக்கட்டி.

நாங்கள் அப்போது இமயமலையில், எவரெஸ்ட்டின் அடிவார முகாமைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் நின்றோம். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்ததற்கு அடுத்த வருடம் அது.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு மண்டபத்துக்கு வருகிற உங்கள் எல்லோருக்கும் இவரைத் தெரியும். முதல் ஆளாக வந்து கதிரைகளை அடுக்குகிறவர், கடைசி ஆளாகக் கதவைப் பூட்டுகிறவர். ஆனால் இந்தக் கதை பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் ஹெலிகொப்டர் வந்த பாதிதான் தெரியும். ஒவ்வொரு சஷ்டிக்கும் மண்டபத்துச் சிறப்பு மலருக்கு எழுதித் தாருங்கோ என்று கேட்பார்கள், நான் ஒவ்வொரு முறையும் சாட்டுச் சொல்லித் தப்பிவிடுவேன். முருகன் தந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மிச்சத்தைச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை இங்கே யாரும் நேரே கேட்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். நான் இங்கே ஓக்லாந்தில், பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறேன். பிறந்தநாள் கேக்குகளில் பெயர் எழுதுவது என் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகளின் பெயரை எழுதுகிறேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். டொக்டர்மார் எங்கள் இருவரிடமும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அப்படிச் சொன்னால் யாரைத்தான் நொந்துகொள்வது? இவர் முருகனிடம் போனார். ஆறு வருடம் தொடர்ந்து கந்தசஷ்டி பிடிக்கிறேன் என்று நேர்த்தி வைத்தார். பகலில் தண்ணீர், பின்னேரம் ஒரு வாழைப்பழமும் பாலும், ஆறாம் நாள் அதுவும் இல்லை. ஒரு வருடம் தவறினாலும் திரும்ப முதலாம் வருடத்திலிருந்து தொடங்கவேண்டும் என்பது அவர் தனக்குத் தானே போட்ட சட்டம். அந்த வருடம் ஆறாவது வருடம்.

அதே வருடம்தான் பீட்டர் இமயமலைக்கு ஆள் சேர்த்தார். மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் இவர் குளிர்ப்பெட்டி மோட்டார் திருத்துகிற இடத்தில் பீட்டர் மேற்பார்வையாளர். சனிக்கிழமைகளில் வேலைத்தலத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேற்குப் பக்கத்துக் காட்டு மலைகளில் நடப்பார். நாங்களும் போவோம். பயிற்சிக்கு என்று இவர் முதுகுப்பையில் அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசியைத்தான் நான் சமைப்பேன். "மலையேறின சோறு, ருசிதான்" என்பார். நேபாளப் பயணத்தில் ஏறுவது கால்நடையாக, வரும்போது மேலிருந்து காத்மாண்டுக்கு ஹெலிகொப்டர் என்றதும் இவர் ஆசையில் விழுந்துவிட்டார். மோட்டார்க்காரன் அல்லவா? மலையைப் பார்க்கப் போனாரா, ஹெலிகொப்டரில் ஏறப் போனாரா என்று கேட்டால் இன்றைக்கும் நேராகப் பதில் வராது.

பயணத்தின் நடுவில் சஷ்டி வந்தது. "அடுத்த வருசம் மலைக்குப் போவம்" என்றேன். "சிவன்ர மலையில சஷ்டி பிடிக்க ஆருக்கப்பா கிடைக்கும்? இதுவும் அவர் செயல்தான்" என்றார். நான் அதற்குமேல் வாதாடவில்லை. அவ்வளவு உயரத்தில் நின்று கேட்டால் காதில் விழாமலா போகும் என்று எனக்கும் ஓர் ஆசை இருந்தது.

எங்கள் வழிகாட்டி பசாங் நல்ல மனுசன். "தண்ணி குடியுங்கள், வெள்ளைப்பூண்டுச் சூப் குடியுங்கள், மலையில் பசி கிடக்கக்கூடாது" என்று ஒவ்வொரு தங்குமிடத்திலும் சொல்வான். இவர் சிரித்துக்கொண்டே ஒரு குவளை சுடுதண்ணீரை வாங்கிக் கையில் வைத்திருப்பார். பீட்டர் முதல் நாள் ஒரு தடவை கேட்டார். இது எங்கள் சமயம் என்று இவர் சொன்னதும், மன்னிப்புக் கேட்டுவிட்டு விலகிவிட்டார். இந்த நாட்டுச் சனத்தின் பண்பு அது. மற்றவன் சாமி விஷயத்தில் வாய் வைக்கமாட்டார்கள். அந்தப் பண்பு ஒரு நாளைக்கு இல்லாமல் போயிருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் இவருக்குத் தலையிடி தொடங்கியது. "என்னப்பா, முகம் வாடிக் கிடக்கு?" என்றேன்.

"விரதத் தலையிடி. வருசா வருசம் வாறதுதானே. நீர் பயப்பிடாதையும்."

உண்மைதான், வருடா வருடம் வருவதுதான். வீட்டில் சஷ்டிக்கு இவர் தலையில் துணி கட்டிக்கொண்டு கிடப்பதை நான் பார்க்காததா? அதனால் நானும் பசாங்கிடம் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. உயரத்தில் வருகிற தலையிடியும் விரதத்தில் வருகிற தலையிடியும் வெளியே பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒன்று விரதம் முடிக்கிற பாரணையோடு போய்விடும். மற்றது ஆளைக் கொண்டுபோய்விடும். அந்த இடத்தில் அதைத் தெரியாதவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான்.

அடிவார முகாமில் எடுத்த படம் எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. எல்லோரும் கமராவைப் பார்க்கிறார்கள். இவர் மட்டும் வேறு எங்கேயோ பார்க்கிறார். அன்றைக்கு அதைப் பக்தி என்று நினைத்தேன். திரும்பி வருகிற வழியில்தான் நான் யார் என்று கேட்டார்.

பசாங் ஓடி வந்து இவரை நேர்கோட்டில் நடக்கச் சொன்னான். குடித்தவர் மாதிரித் தள்ளாடி விழுந்தார். சுமை தூக்குகிறவர்களின் கூடையில் இவரை இருத்தி, பட்டியை நெற்றியில் மாட்டி, ஆள் மாறி ஆள் சுமந்துகொண்டு கீழே இறங்கினார்கள். நான் பின்னால் ஓடினேன், விழுந்தேன், திரும்பவும் ஓடினேன். கீழே ஒரு சின்ன ஊரில் கல்லால் கட்டிய மருத்துவ நிலையம் ஒன்று இருந்தது. மூளையில் நீர் கோத்துவிட்டது என்றார் அங்கிருந்த டொக்டர் பெண். காற்றடிக்கிற நீளப் பை ஒன்றில் இவரைப் படுக்கவைத்து மூடி, காலால் மிதித்து மிதித்துக் காற்று ஏற்றினார்கள். உள்ளே காற்று அடர்த்தியானால் ஆளைக் கீழே இறக்கின மாதிரியாம். நானும் மிதித்தேன். பையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதற்குள் தெரிந்த முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை.

காலையில் டொக்டர் என்னைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். ரேடியோவில் ஹெலிகொப்டர் கேட்டிருக்கிறோம், ஆனால் பள்ளத்தாக்கு மூடிக் கிடக்கிறது, மேகம் விலகாவிட்டால் அது வராது, இன்றைக்கு வராவிட்டால் நான் ஒன்றும் உறுதி சொல்லமாட்டேன் என்றார்.

நான் வெளியே வந்தேன். அன்றைக்குச் சூரசம்ஹாரம். ஓக்லாந்தில் எங்கள் சனம் மண்டபத்தில் கூடியிருக்கும். இங்கே ஒரு கல் மதிலும் இரண்டு சடை எருமைகளும் வெள்ளை மேகமும்தான். மலை எங்கே, வானம் எங்கே என்று தெரியவில்லை. எனக்குத் தேவாரமும் வரவில்லை, கவசமும் வரவில்லை. வாயில் வந்தது இதுதான்: "முருகா, இவரைத் தா. பிள்ளை வேண்டாம். இனி உன்னட்டைப் பிள்ளை கேக்கமாட்டன். இவரை மட்டும் தா."

சொல்லி முடித்து மதிலில் தலையை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் என் கையின் நிழல் மதிலில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன், வெயில். பள்ளத்தாக்கின் வாய் மட்டும் திறந்திருந்தது, மற்ற எல்லாப் பக்கமும் அப்படியே மூடித்தான் கிடந்தது. பிறகு சத்தம் கேட்டது. பசாங் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு வயலுக்குள் ஓடினான்.

காற்று மெல்லிசு, ஒரு ஆளைத்தான் தூக்கலாம் என்றார் விமானி. விசிறியை நிறுத்தவே இல்லை. இவரைக் கம்பளியால் சுற்றி ஏற்றினார்கள். நான் காலைத் தொட்டேன், கதவைச் சாத்திவிட்டார்கள். ஆசைப்பட்ட ஹெலிகொப்டரில் ஏறினார், ஏறினது அவருக்கே தெரியாது. அது போன கொஞ்ச நேரத்தில் மேகம் திரும்பவும் வந்து மூடியது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. பீட்டரிடம் கேளுங்கள். எந்தச் சாமியையும் கும்பிடாத மனுசன், அன்றைக்கு என் பக்கத்தில் நின்று அழுதார்.

எங்கள் பயணத்துக்குப் பேசிய ஹெலிகொப்டரும் அந்த மேகத்தில் வராது என்றார்கள், நான் நடந்துதான் இறங்கினேன். இவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நடந்த நடை அது. நாமம் சொல்லிச் சொல்லி நடந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் வழி முழுக்க இவரைத் திட்டிக்கொண்டுதான் நடந்தேன். பெரிய சந்தை ஊருக்கு வந்ததும் அங்கே ரேடியோ வைத்திருந்த கடைக்காரர் என்னைத் தேடி வந்தார். காத்மாண்டு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல்: உங்கள் கணவர் எழும்பிவிட்டார், மனைவி எங்கே என்று கேட்கிறார், சோறும் கேட்கிறார். நான் அந்தக் கடை வாசலில் அப்படியே இருந்துவிட்டேன்.

போய்ப் பார்த்தபோது கட்டிலில் எழும்பியிருந்து, "மலர், ஹெலிகொப்டர் எப்பிடி இருந்தது?" என்று என்னைக் கேட்டார். அடிவார முகாமும் நினைவில்லை, அந்த மலையும் நினைவில்லை. அவ்வளவு தூரம் ஏறி, ஒன்றையும் கண்ணால் காணாமல் வந்தவர். தனக்கு ஆறாம் நாள் பால் பருக்கினார்கள், பாரணைக்கு முட்டைச் சூப் தந்தார்கள் என்று தெரிந்ததும் குழந்தை மாதிரி அழுதார். நேர்த்தி முறிந்துவிட்டதாம். "அடுத்த வருசம் முதலிலயிருந்து தொடங்குவம்" என்றார். மதிலடியில் சொன்னதை நான் மறைத்துவிட்டேன்.

சொன்னபடி அடுத்த வருடமே தொடங்கினார், டொக்டரிடம் கேட்டு, தண்ணீர் நிறையக் குடித்து. நான் அவரோடு மண்டபத்துக்குப் போவேன். அவர் கண்ணை மூடிப் பிள்ளைக்காகக் கேட்பார். நான் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன். கேட்கமாட்டேன் என்று சொல்லியாயிற்றே. மற்றப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கி விபூதி பூசும்போது நான் குனிந்து செருப்புகளை ஒழுங்கு பண்ணுவேன். தந்த உயிருக்கு நன்றி கெட்டவளாகிவிடுவேனோ என்ற பயம். அன்றைக்கு அந்த வாய் "இவரைத் தா" என்பதோடு நின்றிருந்தால் என்ன என்ற ஆற்றாமை. இரண்டும் சேர்ந்து என்னைத் தின்றன.

போன சஷ்டிக்குத்தான் இவர் கவனித்தார். வீட்டுக்கு வரும்போது காரை டெயரி என்கிற மூலைக்கடை வாசலில் நிறுத்திவிட்டு, "நீர் கும்பிடுறேல்லை. ஏன்?" என்றார். சொன்னேன். மதிலடியில் என்ன சொன்னேன் என்று எல்லாம் சொன்னேன். கோபிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன், பிள்ளை அவருக்கும்தானே பிள்ளை. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆர் உம்மட்டை அதைக் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"சண்டைக்கு வந்த சூரனையே கொல்லாமல் மயிலும் சேவலுமாக்கித் தன்னோட வைச்சிருக்கிறவரப்பா அவர். அவர் உம்மட்டை ஒரு பிள்ளையை வாங்கிக்கொண்டோ என்னைத் திருப்பித் தந்தவர்?"

கண்ணைத் துடைத்துவிட்டுக் கடைக்குள் போய் எனக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கி வந்தார். சஷ்டியில் தான் சாப்பிடமுடியாதே, அதனால் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. பிள்ளை கிடைக்கவில்லை. கிடைத்தது என்று எழுத முடிந்திருந்தால் இந்தச் சாட்சி எப்போதோ வந்திருக்கும். என் வருத்தம் பிள்ளை இல்லாதது மட்டுமல்ல. கேட்காமலே விட்ட வருடங்களும்தான். அவர் கதவைச் சாத்தவில்லை, நானே சாத்திவிட்டு வெளியே நின்றேன்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆபத்து வந்தால் அவரை நம்பிக் கூப்பிடுங்கள், வருவார். வந்ததை நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் கேட்பதோடு நிறுத்துங்கள். இதை எடுத்துக்கொண்டு அதைத் தா என்று பேரம் பேசாதீர்கள். அவர் கணக்கு வைக்கமாட்டார், நீங்கள்தான் வைத்துக்கொண்டு வேகுவீர்கள்.

இந்தச் சஷ்டிக்கு நானும் இவர் பக்கத்தில் நின்று, வாயைத் திறந்து கேட்கப்போகிறேன். கொடுப்பதற்கு என்று கையில் ஒன்றும் கொண்டுவரமாட்டேன். இவருக்கு ஒரு போத்தல் தண்ணீர் மட்டும்தான்.