அலுமினிய வண்டியும் பதினெட்டுக் குறிப்புகளும்

சக்கரம் வைத்த வீட்டை வாங்க வருகிறவர் யாரும் முதலில் விலை கேட்பதில்லை, விரலை மடக்கிப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "என்ன, டப்பா மாதிரி கேக்குது?" என்றுதான் ஆரம்பிப்பார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய அரிசிக் கிடங்கில் இருக்கிறது எங்கள் பட்டறை. ஜீப்புக்கோ காருக்கோ பின்னால் மாட்டி இழுத்துப்போகும் கேரவன்களைக் கட்டுகிறோம், பழுது பார்க்கிறோம். சினிமாக்காரர்களின் கேரவனுக்குச் சொந்தமாக எஞ்சின் உண்டு. எங்களுடையதற்குச் சக்கரமும் கொக்கியும் மட்டும்தான். முதலாளி அந்தோணி சேட்டன். தகடு அடிப்பவர் தேனிப் பக்கத்து ராசு, நரைத்த மீசைக்காரர். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. இதற்கு முன் இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு வார இதழில் சிறுவர் பக்கம் பார்த்தேன். "மீன் தூங்குமா?" என்று அஞ்சலட்டையில் கேட்ட பிள்ளைகளுக்குப் பதில் எழுதிய கை இது. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் கண்ணாடி போட்ட பெண் எதையாவது நிதானமாக விளக்கினால், இந்த ஊரில் அவள் டீச்சர்தான்.

ஒரே கேள்விக்கு ஒரு நாளில் ஒன்பது முறை பதில் சொன்னவர்கள் இதைப் படித்தால், நீங்கள் என் கட்சி. எங்கள் கடையில் அந்தக் கேள்வி, "அலுமினியமா, ஃபைபரா?" தொண்டை கட்டிப்போன ஒரு வாரத்தில், அலுமினியப் பக்கத் தகட்டின் நன்மைகள் ஒன்பது, தீமைகள் ஒன்பது என்று பதினெட்டுக் குறிப்புகள் எழுதினேன். தமிழ் பேசுகிற இளையவர்கள் பலருக்கு மலையாளம்தான் சரளமாக வாசிக்க வரும் என்பதால் இரண்டு மொழியிலும் எழுதி வாசலில் மாட்டினேன். ஒன்றும் விடுபடவில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

தட்டல் நிபுணர்

குறுமிளகு வியாபாரி ஒருவர் வந்தார். பழைய வண்டி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றார். குறிப்புகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி நடந்து, சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போனார். நான் பின்னாலேயே போய், "அலுமினியம் எடை குறைவு, சின்ன வண்டியாலேயே இழுக்கலாம். ஒரு இடம் நசுங்கினால் அந்த ஒரு தகட்டை மட்டும் மாற்றலாம். ஃபைபரில் விரிசல் விட்டால் பெரிய வேலை" என்று நன்மைகளை ஒப்பித்தேன்.

பின்பக்க மூலையில் அவர் கை நின்றது. இரண்டாம் முறை தட்டினார். எல்லா இடத்திலும் 'டங்' என்று கேட்டது, அங்கே மட்டும் 'தொத்' என்றது. ராசு வந்து நாலு ரிவெட்டைக் கழற்றித் தகட்டைத் தூக்கினார். இணைப்பு வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே மரச்சட்டம் கறுத்து, ஊறின அவல் மாதிரி விரலோடு வந்தது. தீமைகளில் மூன்றாவதாக நான் எழுதியிருந்ததும் இதைத்தான்: "இணைப்புகளில் நீர் கசியலாம், வெளியே தெரியாது." வியாபாரி கையைத் துடைத்துக்கொண்டார்.

"தேங்காய்க்குள்ள தண்ணி இருந்தா வாங்குவேன் டீச்சரே, வீட்டுக்குள்ள இருந்தா வாங்க மாட்டேன்."

மழைக்காலச் சோதனை

ஒரு கட்டட மேஸ்திரியும் அவர் மனைவியும் கூரை சத்தம் எப்படி என்று அறிய, மிதுனம், அதாவது ஆனி மாத மழை நாளாகப் பார்த்து வந்தார்கள். இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கூட வந்திருந்த மாமியார் என் பக்கத்தில் குடையோடு நின்றார். மழை வலுத்தது. தகட்டில் சரளைக்கல்லைக் கொட்டுவதுபோல் இரைச்சல். உள்ளே இருவரும் கத்திக் கத்திப் பேசுவது வாயசைப்பாக மட்டும் ஜன்னலில் தெரிந்தது.

மழை சொல்லிக்கொள்ளாமல் நின்றது. மேஸ்திரி நிறுத்தவில்லை. "உங்கம்மாவை எதுக்கு ஊர் ஊரா இழுத்துக்கிட்டுப் போகணுங்கறேன்!" என்று அவர் சொன்னது எதிர்ச் சாயாக்கடை வரைக்கும் கேட்டது. கதவு மெதுவாகத் திறந்தது. மேஸ்திரி முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமியார் குடையை மடக்கினார்.

"அதிகம் வேணாம் மாப்ளே, எனக்கு ஒரு ஜன்னல் சீட்டு போதும்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த அம்மாள் சொன்னதில் ஒரு விஷயம் இருந்ததை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

துருவுக்கு நிறம் உண்டு

ஏலூரில் இரசாயனத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் குறிப்புகளைக் கண்ணாடியை ஏற்றி இறக்கி முழுவதும் வாசித்தார். அப்படி வாசித்த முதல் ஆள் அவர்தான் என்பதால் சாயா வாங்கிக் கொடுத்தேன். "அலுமினியம் துருப்பிடிக்காது" என்ற இரண்டாவது நன்மையில் விரலை வைத்தார். கடல் காற்றில் இரும்புத் திருகு போட்டால், அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து போகும் என்று பொறுமையாகச் சொன்னார். ராசு உள்ளேயிருந்து, "அதுக்குத்தான் சார் நான் அலுமினிய ரிவெட்டே அடிக்கிறேன்" என்றார். நான் பேனாவை எடுத்துக் குறிப்பைத் திருத்தினேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர், ஆனா தெரிஞ்சதை மட்டும் எழுதியிருக்கீங்க."

சுப்பையா அண்ணனின் ஜன்னல்

சுப்பையா அண்ணன் நகராட்சியில் குடிநீர்க் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகக் கொச்சிக்காரர். மனைவி மாரியம்மாளுக்கு முதுகெலும்பில் அறுவை செய்து நாலு வருடம் ஆகிறது. அரை மணிக்கு மேல் உட்கார முடியாது, படுத்துவிட வேண்டும். மகன் மலை தாண்டித் தேனிப் பக்கம் கம்பத்தில் வீடு கட்டியிருந்தான். வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டு, "அம்மா வராம அடுப்பு பத்த வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். ஆம்புலன்ஸ் வைக்கலாம் என்றால் மாரியம்மாள் ஒப்பவில்லை. நல்ல காரியம் நடக்கிற வாசலில் ஆம்புலன்ஸில் போய் இறங்கமாட்டாராம்.

ஒரு ரிசார்ட்டுக்குக் கட்டி, அவர்கள் வேண்டாமென்று விட்ட அலுமினிய வண்டி எங்களிடம் சும்மா நின்றது. சேட்டனுக்குப் பெயின்ட் அடித்தால் பிடிக்காது. தகட்டை மெருகேற்றி அப்படியே விட்டிருந்தார். ராசு அதில் பார்த்துத்தான் மீசையை ஒதுக்குவார். "ரெண்டு வாரம் வாடகைக்குக் கொண்டு போகட்டே" என்றார் சேட்டன். சுப்பையா அண்ணனின் மச்சானிடம் இருந்தது சிறிய ஜீப். மலை ஏற்றத்தில் ஃபைபர் வண்டியின் எடையை அது இழுக்காது, அலுமினியத்தை இழுக்கும். சரியான ஆளுக்குச் சரியான வண்டி என்று எனக்கு ஒரே சந்தோஷம். பதினெட்டையும் உட்காரவைத்து விளக்கினேன். இரவில் தகடு குளிரும்போது டிக் டிக் என்று கேட்கும், பயப்பட வேண்டாம் என்பதைக்கூட விடவில்லை. அண்ணன் கட்டிலின் உயரம் கேட்டார், கதவின் அகலம் கேட்டார். ராசு படியைத் தாழ்த்தினார், கைப்பிடி வைத்தார். ஜன்னலை ஒரு முழம் கீழே இறக்க முடியுமா என்றும் அண்ணன் கேட்டார். எதற்கென்று கேட்டேன்.

"அவ படுத்த வாக்கிலயே மலையைப் பாக்கணும், டீச்சரே."

பத்தொன்பதாவது குறிப்பு

திங்கட்கிழமை காலையில் ஜீப் வந்து கொக்கி மாட்டியாகிவிட்டது. மாரியம்மாள் பக்கத்துத் தெருவிலிருந்து வாக்கரைப் பிடித்து மெதுவாக நடந்தே வந்தார். புதுச் சேலை, தலையில் முல்லைப்பூ. தாழ்த்திய படியில் ஏறினார், கைப்பிடியைப் பிடித்தார், கட்டிலில் சாய்ந்தார். ஜன்னல் கண்ணுக்கு நேராக இருந்தது. "அருமையா இருக்கு தம்பி" என்று ராசுவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "கதவைச் சாத்துங்க, கிளம்பலாம்" என்றார்.

யாரும் கதவைச் சாத்தவில்லை. ராசு என்னைப் பார்த்தார். நான் சேட்டனைப் பார்த்தேன். இழுத்துப்போகும் வண்டி ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது. சட்டமும் விடாது, ஒரு குலுக்கலில் கட்டிலோடு தூக்கிப் போட்டால் அறுவை செய்த முதுகு என்ன ஆவது? எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் பதினெட்டில் ஒன்றாகக்கூட நான் இதை எழுதவில்லை. மழை நாளில் ஜன்னல் சீட்டு கேட்ட அந்த மாமியாருக்கும் இது தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. சிறுவர் பக்கத்தில் எழுத வருகிறவர்களிடம், "உங்களுக்குத் தெரியும் என்பதற்காகப் பிள்ளைக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள்" என்று வாராவாரம் சொன்னவள் நான். படியில் நின்றபடி விஷயத்தைச் சொன்னேன்.

சுப்பையா அண்ணன் வண்டியின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றார். "அப்ப இந்த ஜன்னல் எதுக்கு டீச்சரே?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. "மெல்ல மெல்லப் போனா மதி, அது போதும்" என்று ஜீப்காரரான மச்சான் இழுத்தார். "என் வண்டியில் அது நடக்காது" என்று சேட்டன் ஒரே பேச்சாக முடித்துவிட்டார். மாரியம்மாள் கட்டிலில் மெல்லத் திரும்பிப் படுத்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத் திங்கள். பால் காய்ச்சறது வெள்ளி. ஜீப்பில அரை மணி நேரம் நான் உக்காந்துக்குவேன். அரை மணி ஓடட்டும். நிறுத்துங்க, இதுல வந்து படுத்துக்கறேன். முதுகு சரியானதும் திரும்ப அரை மணி. இப்படியே போனா கம்பம் வராமலா போயிடும்?" ஜீப்காரர், மலைப்பாதையில் நிறுத்த இடம் வேண்டுமே என்றார். எந்த வளைவு தாண்டி எங்கே சாயாக்கடை, எங்கே அகலமான ஓரம் என்று ஊருக்குப் போய்வந்த ராசுவுக்குத் தெரியும். என் குறிப்புத் தாளின் பின்பக்கத்திலேயே வரிசையாக எழுதிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தேன். ஜீப்பின் முன் சீட்டில் தலையணையைச் சொருகிக்கொண்டிருந்த மாரியம்மாள் கையமர்த்தினார்.

"நீங்க கேக்கல, நாங்க சொல்லல, மலை எங்கயும் போயிடாது, நின்னு நின்னே பாத்துக்கறேன்."

புதுமனை

வியாழக்கிழமை மாலை போய்ச் சேர்ந்துவிட்டதாக ஃபோன் வந்தது. அதுவரை நாங்கள் மூன்று பேரும் வேலை செய்ததாகச் சொல்ல முடியாது. பதினாலாம் நாள் வண்டி திரும்பி வந்தது. இடப்பக்கத் தகட்டில் வாணலி மாதிரி ஒரு பள்ளம். சேட்டன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். லாரி உரசியதா என்று ராசு கேட்டார். சுப்பையா அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் மனைவியைக் கைகாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை, பால் காய்ச்சும் முன் புது வீட்டுக்குள் விட, குங்குமம் வைத்து மாலை போட்டு ஒரு பசுவை அழைத்து வந்திருக்கிறார்கள். வாசல் ஓரத்தில் எங்கள் வண்டி நின்றிருக்கிறது. மெருகேற்றிய தகட்டில் மாலை போட்ட இன்னொரு பசு! வந்த பசு இதைப் பார்த்தது. இத்தனை சொந்தக்காரர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தும் வீட்டுப் பக்கம் திரும்பாமல், நேராகப் போய் எதிராளியை ஒரு முட்டு முட்டியது. உள்ளே படுத்திருந்த மாரியம்மாள் அலறிக்கொண்டு எழுந்து, வாக்கரை மறந்து, நாலு எட்டில் புது வீட்டு வாசல்படி ஏறிவிட்டாராம். பசுவுக்கு முன்னால் புது வீட்டில் கால் வைத்தது அவர்தான். அடுப்பையும் அவரே பற்ற வைத்தாராம். ராசு பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு தகடுதான், ஒரு மணி நேர வேலை" என்றார். வண்டி நின்றதும் உள்ளே ஏறிப் படுத்திருந்த மாரியம்மாள் கட்டிலைத் தட்டிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

"பசு முதல்ல புது வீட்டுக்குத்தான் போகணும்னு ஐயர் சொன்னார் டீச்சர், எந்த வீடுன்னு அவரும் சொல்லல."

இப்போது வாசல் பலகையில் முதல் வரி "வண்டி ஓடும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்?" என்பது, கடைசி வரி "மெருகேற்றிய தகட்டை மாடு முட்டும்" என்பது; ஆனாலும் அந்த இருபது குறிப்புகளுக்கும் முன்னால் நின்று, வருகிறவர்கள் விரலை மடக்கிக்கொண்டு, "என்ன, டப்பா மாதிரி கேக்குது?" என்றுதான் கேட்கிறார்கள்.