அன்னக்கூடையில் கடல்

ஆட்களைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போவது ஒரு தொழில் என்றால், போவதற்கு முன்னால் அவர்களுடைய பயத்தைத் தெளியவைப்பது அதைவிடப் பெரிய தொழில்; மூன்று வருடமாக நான் செய்வது அந்த இரண்டாவதைத்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேனோ, ஒருவர் பேசியதை இன்னொருவர் வாயில் வைத்துவிடுவேனோ என்று இந்தத் தாளை நான்கு முறை மடித்து வைத்தேன், நான்கு முறை பிரித்தேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையிலோ ஆஸ்பத்திரியிலோ டிக்கெட் கவுண்டரிலோ ஜனங்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் நீங்களும் இருந்தால், பொறுத்துக்கொள்வது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

எங்களுடையது முகப்பேரில் ஒரு சின்னச் சுற்றுலாக் கம்பெனி. ஐடி வேலையை விட்டுவிட்டு வந்த பிரபு தம்பிதான் முதலாளி. மாதம் இரண்டு முறை ஒரு வேனில் ஆட்களை ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். அங்கே கயாக் என்கிற குறுகலான பிளாஸ்டிக் படகில் உட்கார்ந்து துடுப்புப் போடலாம். பிறகு கண்ணாடி மாஸ்க்கை மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு, தண்ணீர்மேல் குப்புற மிதந்தபடி அடியில் இருக்கும் மீன்களைப் பார்க்கலாம். இதற்கு ஸ்நார்க்கலிங் என்று பெயர். நீச்சல் தெரியாதவர்களும் வரலாம் என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், பிரபுவின் அடுக்குமாடியில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வகுப்பு நடக்கும். இரண்டு பழைய டயர்மேல் கயாக்கை வைத்து, துடுப்புப் போடுவதை அவர் சொல்லித்தருவார். பக்கத்தில் ஸ்டூல்மேல் ஒரு அன்னக்கூடை, கல்யாணப் பந்தியில் சோறு கொட்டி வைக்கிற அதே பெரிய பாத்திரம், நிறைய தண்ணீரோடு இருக்கும். அதில் முகத்தை முக்கிக் குழாய் வழியாக மூச்சு விடச் சொல்லித்தருவது நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள், கம்பெனி இடம் மாறியதும், பெண்களுக்குத் துணையாக என்று இங்கே வந்தேன். அன்னக்கூடை பிறகு வந்து சேர்ந்தது. பிரபு காட்டியதை வீட்டில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு நாலு நாள் செய்து பார்த்துத்தான் நான் வாத்தியார் ஆனேன்.

நானோ சமீபகாலம் வரை கணுக்காலுக்குமேல் கடலில் இறங்கியதே கிடையாது. என் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று எழுதியிருக்கிறது. எந்த வயதில் என்று எழுதின இடத்தில் எண்ணெய் பட்டு அழிந்துவிட்டது. அதனால் எனக்கு எல்லா வயதும் அந்த வயதுதான். நீங்கள் இறங்கியிருக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பாஸ் மார்க்

முகம் தண்ணீரில் பட்டதும் எல்லோரும் மூச்சை அடக்குவார்கள். குழாய் எதற்கு இருக்கிறது என்பதே மறந்துபோகும். "வாயால மூச்சு விடுங்க, மெதுவா, சூடான காப்பிய ஊதற மாதிரி" என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். பெண்கள் என்றால் அதற்கு முன்னால் பொட்டு. மாஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும் என்று ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அன்னக்கூடையின் விளிம்பில் ஒட்டிவிடுவார்கள். வகுப்பு முடியும்போது அது கொலு பொம்மைக்குப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும்.

ஒரு தடவை ஆவடியில் ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். சட்டைப் பையில் பேனா, கையில் கடிகாரம். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு முகத்தை முக்கினார். குழாயில் காற்று போகவும் இல்லை, வரவும் இல்லை. அவர் மனைவியோ இட்லிப் பானையைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் தோளைத் தட்டினேன், முதுகைத் தட்டினேன். கடைசியில் அவரே தலையைத் தூக்கினார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "ஐம்பத்தெட்டு செகண்டு இருந்திருக்கேன். பாஸ் மார்க் எவ்வளவும்மா?"

மஞ்சள் கயிறு ஒரு பாக்கெட்

நகைகளைக் கழற்றிவிட்டுத்தான் கடலில் இறங்கவேண்டும். வளையல், தோடு வரைக்கும் பிரச்சினை இல்லை. தாலிச் சங்கிலியில்தான் வண்டி நின்றுபோகும். பாரிவாக்கத்தில் புதிதாகக் குடிவந்திருந்த திருநெல்வேலிக்காரப் பெண் ஒருத்தி, கழுத்தில் கெட்டியான கொடி, "தாலியக் கழட்டவா சொல்லுதிய?" என்று கேட்டுவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு கொடியைக் கழற்றலாமே என்று எனக்குத் தோன்றியது. வேன் டிரைவர் தேவா ஊருக்குள் போய், கயிறும் விரலி மஞ்சளும் வாங்கிவந்தார். அன்றிலிருந்து எங்கள் சாமான் பட்டியலில், மாஸ்க் பதினெட்டு, குழாய் பதினெட்டு, லைஃப் ஜாக்கெட் இருபது என்பதற்கு அடுத்த வரி அதுதான்.

ஏழு கொடிகளும் யாரிடம் இருக்கும்? என்னிடம்தான். துணிப் பையில் போட்டு, பையை இடுப்பில் சொருகி, மூன்று ஊக்கு குத்தி, பனைமரத்தடியில் உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை, குடித்தால் எழுந்து போகவேண்டிவரும். நாய் ஒன்று பக்கத்தில் வந்தபோது அதன்மேல்கூடச் சந்தேகப்பட்டேன். அந்தத் திருநெல்வேலிப் பெண் ஈரத் தலையோடு வந்து கொடியை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "கடலுக்குள்ள போன எங்களுக்குப் பயமில்லக்கா. கரையில நீங்க இருந்த இருப்பப் பாத்துதான் வயித்தக் கலக்கிட்டு."

ஆழம் எவ்வளவு

அம்பத்தூரிலிருந்து ஒரு ஐடி ஆபீஸ் கூட்டம் வந்தது. அவர்களுடைய மேலதிகாரி கேள்விகளை அச்சடித்தே கொண்டுவந்திருந்தார். வேன் பூந்தமல்லியைத் தாண்டுவதற்குள் ஒன்பது கேள்வி முடிந்திருந்தது. ஜெல்லி மீன் கடித்தால் என்ன செய்வது, மழை வந்தால் என்ன செய்வது, படகு கவிழ்ந்தால் மூக்குக் கண்ணாடிக்கு யார் பொறுப்பு. பதினோராவது, சுறா. "மேடம், இந்தக் கடல்ல நீங்க சுறா பாத்திருக்கீங்களா?"

"ஒரு தடவைகூடப் பாத்ததில்ல சார்" என்றேன். அது சத்தியமான உண்மை. அவர் அந்தக் கேள்விக்கு நேரே டிக் போட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசிக் கேள்வி ஆழம். அதற்கு நான் வாயைத் திறக்குமுன், ஓட்டிக்கொண்டிருந்த தேவா கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சொன்னார்: "ஆழம்லாம் ஒண்ணியும் இல்ல சார், இடுப்பளவுதான் கீது. யாரு இடுப்புன்னு மட்டும் கேட்டுக்கினு எறங்கு."

படிவத்தில் இல்லாதது

வந்துபோனவர்களில் யாரோ கம்பெனியைப் பற்றி இணையத்தில் நல்லவிதமாக எழுதியிருந்தார்கள். சாப்பாடு நன்று, மீன்கள் நன்று, அக்கா நன்றாகச் சொல்லித்தந்தார் என்று போட்டுவிட்டு, கடைசியில், 'ஆனால் அந்த அக்காவைத் தண்ணீருக்குள் ஒரு தடவையும் பார்க்கவில்லை' என்று ஒரு வரி. பிரபு அதை எனக்குப் படித்துக்காட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முதலில் சளி என்றேன். பிறகு முழங்கால் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். "அக்கா, உள்ள லேடீஸுக்கு ஒண்ணுன்னா பக்கத்துல நீங்கதான் இருக்கணும். அடுத்த ட்ரிப் எறங்கிப் பாருங்க. முடியலன்னா வேற ஒருத்தங்களத்தான் நான் பாக்கணும்" என்றார். எனக்கு இந்த வேலை போகக்கூடாது. முப்பது வருடம் "ஏ, இங்க வா" என்று கூப்பிடப்பட்டவளை மேடம் என்று கூப்பிடும் ஒரே இடம் இது. உயிரும் போகக்கூடாது. அதனால் ஜாதக விஷயத்தைச் சொன்னேன், எண்ணெய்க் கறை உட்பட. அவர் மேசைமேல் இருந்த உடல்நிலைப் படிவத்தை எடுத்து, மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துத் தேடினார். "ஆஸ்துமா இருக்கு, பிபி இருக்கு, வலிப்பு இருக்கு. கண்டம்னு இதுல ஒண்ணும் போடலையேக்கா."

டீத்தூள்

இது சின்னது, இங்கேதான் வரவேண்டும் என்று நினைக்கிறேன். அந்தப் பயணத்துக்குக் கிளம்புகிற அன்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், பீரோ சாவி எல்லாம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். நான் திரும்பி வராவிட்டால் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, குரலில் இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் எனக்குத் தெரியும். டீத்தூள் எங்க இருக்கு, அதச் சொல்லு" என்றார்.

இரண்டு பேர் படகு

அந்தத் தடவை வந்தவர்களில் ஆவடி மல்லிகா என் வயதுக்காரி. ஒரு கம்பெனி கேண்டீனில் நூறு பேருக்குச் சமைக்கிறவர். மகள் பணம் கட்டிவிட்டாளே என்று வந்திருந்தார். வகுப்பிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அன்னக்கூடையில் முகம் வைத்தார். கரையில் நின்று, "நீங்க ஏறுங்க மேடம், அப்பதான் நான் ஏறுவேன்" என்றார். என்னை நம்புகிற ஒருத்தியிடம் சளி, முழங்கால் எதுவும் எடுபடாது. கடலோர வழிகாட்டி அந்தோணியிடம் என் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை மூன்று தடவை பார்க்கச் சொல்லிவிட்டு, மல்லிகாவுக்குப் பின்னால் ஏறினேன். ஏறியபின் நாலாவது தடவை நானே பார்த்தேன்.

மீன் பார்க்கும் இடத்தில் இறங்கினேன் என்று சொன்னால் அது சரியில்லை, விழுந்தேன். உப்பு மூக்கில் ஏறியது. எத்தனையோ பேருக்கு வாயால் மூச்சு விடச் சொன்ன அதே வாய், குழாயைத் துப்பிவிட்டது. பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த மல்லிகாவின் ஜாக்கெட் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அவர் மாஸ்க் விலகியது. அவர் தண்ணீர் குடித்து இருமுவது கேட்டது. கேட்டும் என் விரல்கள் விடவில்லை. என் கண்டத்தை நான் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தோணிதான் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "விடுங்கம்மா. ஒங்களத் தாங்குறது அவுங்க இல்ல, ஜாக்கெட்டு" என்றார். விட்டேன். மூழ்கவில்லை.

என் மாஸ்க்கையும் குழாயையும் அந்தோணியே மாட்டிவிட்டார். முகத்தை வைத்தேன். நாலு மூச்சுக்குப் பிறகு கீழே பச்சைப் புல் அசைவது தெரிந்தது. அதன் ஓரத்தில் கோடு போட்ட மீன் ஒன்று, மேலே இத்தனை கலவரம் நடந்தது தெரியாமல், எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கரையேறியதும் மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஈரத் தலைமுடியைப் பிழிந்துகொண்டே கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "ஒங்களுக்கும் பயம்னு வகுப்புலயே சொல்லியிருந்தா, நான் கொஞ்சம் தள்ளி மிதந்திருப்பேன் மேடம்."

டைலர்

ஊர் வந்து சேரும்வரை அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். பயம் எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். அது பக்கத்தில் இருப்பவர் கழுத்தைப் பிடிக்கும் என்று தெரியாது. அடுத்த நாள் பிரபுவிடம் போய் மூன்று மாதம் தவணை கேட்டேன். அதுவரை கரையும் அன்னக்கூடையும் மட்டும் பார்க்கிறேன், கடலில் பெண்களோடு வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். சரி என்றார். இப்போதெல்லாம் வகுப்பில் முதல் வார்த்தையாக, எனக்கும் பயம்தான், நீச்சல் இப்போதுதான் கற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் உடனே பெயரை வாபஸ் வாங்கினார்கள். மற்றவர்கள் முன்னைவிட நன்றாக மூச்சு விடுகிறார்கள்.

நீச்சல் கற்கும் இடம் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம். செவ்வாய், வியாழன் மதியம் பெண்களுக்கு மட்டும். சொல்லித்தருகிற பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. முதல் நாள் என்ன வேலை என்று கேட்டாள். டைலர் என்றேன்; துணிக் கம்பெனியில் இருந்தவள்தானே, முழுப் பொய் இல்லை. எல்லோரையும் தண்ணீரில் முகம் வைத்து ஊதச் சொன்னாள். மற்ற ஆறு பேரும் இருமிக்கொண்டு எழுந்தார்கள். நான் நிதானமாக ஊதினேன், எழுந்தேன், மறுபடி ஊதினேன். பிறகு காலைத் தூக்கச் சொன்னாள். கல் மாதிரி நேராகக் கீழே போனேன். என்னைத் தூக்கி நிறுத்தி, தலைமுடியை ஒதுக்கிவிட்டு அவள் சொன்னாள்: "மூச்சு மட்டும் யாரோ சரியாக் கத்துக்குடுத்திருக்காங்க ஆன்ட்டி. மிச்சத்தையும் அவங்ககிட்டயே கத்துக்கிட்டிருக்கலாமே."

ஆக, பிறரைத் தைரியப்படுத்தும் இந்தத் தொழிலில், நானும் என் பக்கத்தில் மிதப்பவரும் பிழைத்திருக்க நான் கடைசியாகச் செய்தது, வாரம் இரண்டு மதியம் நாலடித் தண்ணீரில் நின்று ஒரு சின்னப் பெண்ணிடம் திட்டு வாங்குவதுதான்.