சிவப்புக் காருக்குப் பல்லுப் பிடுங்கினோம்

வாகனம் திருத்துகிறவனுக்கு நல்ல காது இருந்தால் போதும் என்பார்கள். தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் நல்ல மூக்கும் வேண்டியிருந்தது.

சண்டை மறுபடி தொடங்கி, பெற்றோல் வருவது நின்றுபோன வருசங்கள் அவை. நீங்களும் அப்போது எங்கள் பக்கம் இருந்தவர் என்றால் அந்த மண்ணெண்ணெய் மணத்தை நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் சட்டையிலும் அது இருந்திருக்கும். எங்கேயோ தேடிப் பிடித்த கொஞ்சப் பெற்றோலைச் சின்னப் போத்தலில் வைத்திருப்போம். அதில் சில சொட்டுகளைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ரார்ட் செய்வோம். இஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். புகையைப் பின்னால் சைக்கிளில் வருகிறவர் குடிப்பார். திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து இறங்கும் ஓர் ஒழுங்கைக்குள் நானும் மணியண்ணையும் சேர்ந்து கராஜ் வைத்திருந்தோம். அங்கே நடந்தவற்றில் சில இவை.

தட்டுகிற சத்தம்

தவராசா அண்ணை சவூதியில் உழைத்து, சண்டைக்கு முன்னரே ஒரு கார் எடுத்திருந்தார். இரண்டு கதவு, இரண்டு காபரேற்றர், செக்கச் சிவப்பு. பலாலி வீதியால் அது போனால், சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருப்பவர்களும் பேச்சை விட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் அதை மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். கார் வருமுன்பே சத்தம் வந்துவிட்டது: தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல.

"பழைய ஏ போட்டிக் காருகள் எல்லாம் மண்ணெண்ணெயிலை சோக்காய் ஓடுது. என்ரை காருக்கு மட்டும் என்ன கேடு, தம்பி?" என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். நல்ல பெற்றோலை இஞ்சின் எவ்வளவுதான் நெருக்கினாலும், பிளக்கில் பொறி விழும்வரை அது பொறுத்திருக்கும். அந்தப் பொறுமையைத்தான் ஒக்டேன் என்று அளக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்குப் பொறுமை கிடையாது. கொஞ்சம் இறுக்கி நெருக்கினால் நேரத்துக்கு முன்னமே வெடித்துவிடும். பழைய கார்கள் மெதுவாக நெருக்குகிறவை. வேகத்துக்கென்று செய்த கார் இறுக்கித்தான் நெருக்கும். இப்படியே தட்டவிட்டு ஓடினால் பிஸ்ரன் ஓட்டையாகிவிடும் என்றேன்.

அவர் முகம் தெளியவில்லை. மணியண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஏ போட்டி பல்லுப்போன கிழவன், அண்ணை. எதைக் குடுத்தாலும் கொடுப்புக்குள்ளை வைச்சுச் சப்பும். உங்கடை கார் இளந்தாரி. அது கடிக்கப் பாக்குது."

தவராசா அண்ணை காரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அப்ப, அதுக்குப் பல்லைப் பிடுங்கி விடுங்கோவன்."

அலமாரி வாசம்

பல்லைப் பிடுங்க, அதாவது இஞ்சினின் நெருக்கத்தைக் குறைக்க, தடித்த செப்புத் தகடு தேவைப்பட்டது. அதைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில்தான் சின்னத்துரை அண்ணை வந்தார். சந்தையடியில் புடைவைக்கடை வைத்திருந்தவர். பூச்சி உருண்டையைக் கரைத்துவிட்டால் மண்ணெண்ணெய் பெற்றோலுக்குச் சமனாகிவிடும் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். கடையில் பூச்சி உருண்டைக்குக் குறைவா என்ன? தாராளமாகவே போட்டுவிட்டார்.

அவருடைய கார் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு இருமி இருமி நின்றது. காபரேற்றரைக் கழற்றினேன். எண்ணெய் வருகிற ஊசித்துவாரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக அடைத்துப் போயிருந்தது. நான் அதைச் சுரண்டிக்கொண்டிருக்க, சின்னத்துரை அண்ணை தன் கண்டுபிடிப்பில் எந்தக் குறையும் இல்லை என்று மணியண்ணையுடன் வாதாடிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி வாசலடி வாங்கில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஒண்டு சொல்லவேணும். சீலை அலமாரிக்குள்ளை ஏறி இருந்து போனமாதிரித்தான் இருந்தது. ஆனால் வழி நெடுக ஒரு நுளம்பும் கிட்ட வந்து கடிக்கேல்லை."

நிற்காத கார்

கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப்போக ஓர் ஏ போட்டியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வழியில் ஏதும் நடந்தாலும் என்று என்னையே ஓட்டச் சொன்னார்கள். வழியில் ஒன்றும் நடக்கவில்லை. மண்டப வாசலில் நிறுத்தித் திறப்பைத் திருகி எடுத்தேன். திறப்பு என் கையில். இஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய உங்களுக்கு இது தெரிந்த நோய்தான். உள்ளே சூடு கூடினால் பொறி இல்லாமலே தானாக வெடித்து வெடித்து ஓடும்.

கார் குலுங்கியது. கட்டியிருந்த பூமாலை குலுங்கியது. மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்தது. பெண்ணின் தம்பி கால் கழுவுவதற்குச் செம்பும் கையுமாக நின்று, கிட்ட வருவதா விடுவதா என்று யோசித்தான். தவில்காரர் எங்கள் தாளத்துக்கு ஏற்றபடி இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஒருவழியாக மாப்பிள்ளையை இறக்கிவிட்டார்கள். அப்போதும் கார் ஆடிக்கொண்டே நின்றது. கியரில் போட்டு, பிறேக்கை மிதித்து, அமுக்கித்தான் நிறுத்த வேண்டும். அதற்காக நான் பாய்ந்து ஏற, பெண்ணின் தாய்மாமன் புகைக்குள்ளால் கையை விசுக்கிக்கொண்டு சத்தம் போட்டார். "மாப்பிள்ளை இறங்கீட்டார் எண்டு அதுக்கும் ஆராவது சொல்லுங்கோவன்!"

பல்லில்லாத ஓட்டம்

செப்புத் தகடு கிடைத்தது. அதை அளவாக வெட்டி இஞ்சினின் தலைக்கு அடியில் வைத்து, உள்ளே இடத்தைக் கூட்டினோம். இடம் கூடினால் நெருக்கம் குறையும். பொறி விழும் நேரத்தையும் சற்றுப் பிந்தி வைத்தோம். ஸ்ரார்ட் செய்தால் தட்டுகிற சத்தம் அடியோடு இல்லை. மணியண்ணை பெருமையோடு என்னைப் பார்த்தார்.

தவராசா அண்ணை என்னையும் ஏற்றிக்கொண்டு ஓடிப்பார்க்கப் புறப்பட்டார். சத்தத்தோடு வேகமும் போயிருந்தது. அவர் காலை எவ்வளவு அமத்தினாலும் கார் உழவு மாடு மாதிரித் தன் நடையில்தான் நடந்தது. ஸ்ரேறிங்கைத் தடவிக்கொண்டே வந்தார். எனக்கும் பாவமாக இருந்தது. பல்கலைக்கழகக் கம்பசுக்குக் கிட்ட, ஒரே சைக்கிளில் இரண்டு பெட்டைகள் எங்களை முந்தினார்கள். பின்னுக்கு இருந்தவள் திரும்பிப் பார்த்து, உண்மையான அக்கறையோடு கேட்டாள். "அண்ணை, இறங்கித் தள்ளிவிடவேணுமோ?"

கொழும்புத்துறையிலிருந்து ஆசுபத்திரிக்கு

சில கிழமைக்குப் பிறகு, ஒரு பின்னேரம், அதே சிவப்புக் காரில் நானும் தவராசா அண்ணையும் கொழும்புத்துறைப் பக்கம் போய்வந்துகொண்டிருந்தோம். அந்தோனிப்பிள்ளை அண்ணை நடுவீதியில் நின்று இரண்டு கையையும் விரித்து மறித்தார். குருநகர்க்காரர், மீன்பிடிகாரர். அவருடைய மகள் ரீற்றா கொழும்புத்துறையில்தான் கல்யாணம் செய்திருந்தாள். நிறைமாதக்காரியான அவளுக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கிவிட்டது. புருசன் வீட்டில் இல்லை. முன்சீற்றைச் சாய்த்து அவளை இருத்தினோம். நானும் அந்தோனிப்பிள்ளை அண்ணையும் பின்னால் மடங்கிக் கிடந்தோம். "யன்னலைத் திறவுங்கோ அண்ணை, மணம் வயித்தைப் பிரட்டுது," என்று அவள் அழுதாள். தவராசா அண்ணைக்கு வேர்த்து ஒழுகியது. அந்தக் காரில் வேகம் வேண்டும் என்று அவர் அன்றைக்குப்போல என்றைக்கும் ஆசைப்பட்டிருக்கமாட்டார்.

குருநகருக்குள் ஒரு மாட்டுவண்டில் குறுக்கே வர, பிறேக் அடித்தார். இஞ்சின் நின்றுவிட்டது. நான் இறங்கி, மண்ணெண்ணெயில் நனைந்த பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். பிறகு பெற்றோல் போத்தலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. ரீற்றா பல்லைக் கடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். அந்தோனிப்பிள்ளை அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் ஓடினார். திரும்பி வரும்போது கையில் ஒரு மருந்துப் போத்தல். அவருடைய படகு இஞ்சினும் எங்கள் கார்களைப் போலத்தான்; பெற்றோலில் தொடங்கினால்தான் மண்ணெண்ணெயில் ஓடும். அதற்காக எத்தனையோ பேரிடம் கேட்டுச் சேர்த்த பெற்றோல் அது. "மிச்சம் வையுங்கோ அண்ணை," என்றேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு முழுவதையும் தானே ஊற்றினார்.

கார் ஓர் உறுமல் உறுமிக்கொண்டு பாய்ந்தது. ஆசுபத்திரிக்குள் அவளைக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரத்தில் பெண்பிள்ளை பிறந்துவிட்டதாகத் தாதி வந்து சொன்னாள். தவராசா அண்ணை வெளிவாசல் படியிலேயே இருந்துவிட்டார். அவருக்குத்தான் பிள்ளை பிறந்ததுபோல முகம். நான் அந்தோனிப்பிள்ளை அண்ணையிடம், நாளைக்கு எப்படித் தொழிலுக்குப் போகப்போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கடல் நாளைக்கும் அங்கைதான் கிடக்கும், தம்பி. பேத்தி நாளைவரைக்கும் பொறுத்திருப்பாளே?"

இப்போது பெற்றோல் செட்டில் கார் கொண்டுவருகிற பெடியள் என்னை மறித்து "ஒக்டேன் தொண்ணூற்றிரண்டு அடிக்கிறதோ, தொண்ணூற்றைந்து அடிக்கிறதோ?" என்று கேட்டால், கார்க் கையேட்டில் போட்டிருப்பதை அடியுங்கோ என்று சொல்லிவிட்டு, ஊற்றுவதற்கு ஒன்று இருக்கிறதே என்ற ஆச்சரியத்தை மட்டும் எனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்.