இரும்புக் கதவின் முன் நிற்பவர்

பல்கலைக்கழக விடுதிக் காவலர் ஒரு துண்டுத்தாளில் மலாயில் எழுதி வைத்திருந்தார். டிரெஸ்ஸர் சூசை காலமானார். பாலிங்கிலிருந்து தொலைபேசி. அவ்வளவுதான்.

பட்டர்வொர்த் படகில் ஏறியபின் அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். எதிரே ஒரு பெண்ணின் தோளில் ஊசித் தழும்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழ வேண்டிய இடத்தில் வந்தது என்று கூச்சப்பட்டேன். பிறகு, அவருக்குப் பொருத்தம்தான் என்று விட்டுவிட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கே இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேரின் தோளில் இருக்கும் தழும்பு அவர் போட்டது. என் தோளிலும். அவர் டிரெஸ்ஸராக ஊசி மருந்து பார்த்த ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் மகள் நான். ஊசியை எடுக்கும்போதே "வலிக்காது" என்பார். வலித்தது. எல்லோருக்கும் வலித்தது. அழுது முடித்ததும் குனிந்து பார்ப்பார். "வலிச்சிச்சா? அப்ப நல்ல மருந்துதான்."

உங்களில் பலருக்குத் தெரியாத சூசை அண்ணன் ஒருவர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைச் சூசை.

என் மாமா சிவலிங்கத்துக்குப் பாலிங் டவுனில் ஜவுளிக்கடை. கணக்குப் பார்க்க என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னக் கணினி வரவழைத்தார். தொலைக்காட்சிப் பெட்டியோடும் கேசட் ரெக்கார்டரோடும் இணைக்க வேண்டும். கணக்கு ஒரு வாரம்கூட நடக்கவில்லை. கூடவே வந்த ஆட்டக் கேசட் நடந்தது. மாதா கோயில் பூசை முடிந்ததும் சூசை அண்ணன் வந்துவிடுவார். கடைக்குப் பின்னறையில், சேலைக் கட்டுகளுக்கு நடுவே, நாற்பதைத் தாண்டிய இருவர். ஒருவர் திருநீற்றோடு, ஒருவர் கழுத்தில் மாதா சுரூபத்தோடு. திரையில் படமே கிடையாது. ஆங்கில எழுத்து மட்டும். ஒரு பாழடைந்த சுரங்கம். வடக்கே போ, விளக்கை எடு என்று தட்டினால் நகரலாம். நிற்கும் இடத்தைக் கேசட்டில் பதிந்து வைத்தால், அடுத்த வாரம் அங்கிருந்தே தொடரலாம். கேசட்டைப் பாட்டுப்போல் ஓடவிட்டால் கேட்பது வெறும் கிரீச்சல்தான்.

சுரங்கத்தின் கடைசியில் ஒரு இரும்புக் கதவு உண்டு என்று கேள்வி. இருவரும் அதைப் பார்த்ததில்லை.

எண்பத்து நான்கில், தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. மாமா முன்னால் கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தார். பின்னறையில் தனியாக இருந்த சூசை அண்ணன் கதவை அடைந்துவிட்டார். அந்த நேரத்தில் தோட்டத்து ஆபீசிலிருந்து தொலைபேசி. தொழிலாளர் லயத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. பையில் கிடந்த ஒரு கேசட்டைச் செருகி, இடத்தைப் பதிந்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துப் பறந்திருக்கிறார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. எந்தக் கேசட் என்பது மறந்துபோனது.

மாமா நம்பவில்லை. அடுத்த நான்கு வருடமும் நம்பவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "ஊசி போடுறவன் வாயால வலிக்காதுன்னுதான்லா வரும். அவன் பேச்ச நம்பலாமா?"

சூசை அண்ணன் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ரெஜினா அக்கா, அவர் மனைவி, ஒருமுறை என்னிடம் சொன்னார். சாப்பிடும்போது திடீரென்று நிறுத்தி, "நான் நெசமாதான் பாத்தேன் ரெஜி" என்பாராம். அது அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு விளையாட்டு. ஆனாலும் அவருடைய சொல்.

போன வருடம் பெரிய வெள்ளி. தோட்டத்து மாதா கோயிலில் சிலுவைப் பாதை. வழிபாட்டுக்கு ஒரு கேசட் உண்டு. வருடம் முழுவதும் ரெஜினா அக்கா வீட்டுப் பீடத்தில், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இருக்கும். புனிதமான கேசட், யாரும் தொடமாட்டார்கள். கடைசி ஜெபம் முடிந்ததும், வழிபாடு நடத்தும் உபதேசியார் நிறுத்திவிடுவது வழக்கம். அன்று அவர் சிலுவையை முத்தமிடப் போய்விட்டார். ஒலிபெருக்கியில் சற்று நேரம் மௌனம். பிறகு கிரீச்சல். கோயிலே நடுங்கியது. கிழவிகள் நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டார்கள். சூசை அண்ணன் மட்டும் முழங்காலிலிருந்து எழுந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு, பெரிய வெள்ளியன்று.

"கதவு," என்றார் மனைவியிடம். "ரெஜி, என் கதவு."

எண்பத்து நான்கில், பீடத்துக்குப் போகுமுன், அவர் பையில் கிடந்தது இந்தக் கேசட்தான்; ஜெபம் முடிந்த இடத்தில் நின்றிருந்த நாடாவின் மிச்சத்தில் கதவைப் பதிந்திருக்கிறார். திங்கட்கிழமை எனக்கு ஆள் அனுப்பினார். பல்கலைக்கழகத்தில் நான் கணினி படிக்கிறேன் என்பதுதான் என் தகுதி. அங்கே யாரும் கேசட்டைத் தொடுவதில்லை என்று சொன்னேன். "பரவாயில்ல தங்கச்சி. நானும் டாக்டருக்குப் படிக்கல."

கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டைத் திறந்தோம். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை. நம் ஊர் ஈரம் அப்படி. ரெஜினா அக்கா வாசலில் நின்று நிபந்தனை போட்டார். முதலில் ஜெபத்தை வேறு கேசட்டில் பதிந்தாக வேண்டும். "ஆண்டவர் பாதியில நின்னுட்டாருன்னா ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது."

ஆண்டவர் பாதியில் நிற்கவில்லை. அதன்பின் எங்கள் வேலை. அவர் வாய்க்கு முகமூடி கட்டிக்கொண்டார். புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியால் நாடாவை விரல் விரலாகத் துடைத்தார். புதுக் கூட்டுக்கு மாற்றினோம். மாமா கடையில் போட்டுப் பார்த்தோம். கணினி ஏற்கவில்லை. மறுபடி. ஏற்கவில்லை. பதிந்த ரெக்கார்டர் எப்போதோ கெட்டு, மாமா வேறு வாங்கியிருந்தார். பழையதில் நாடாவைப் படிக்கும் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில் இதன் தலையும் இருக்க வேண்டும். சின்ன ஸ்குரூ டிரைவரால் தலையின் திருகை நான் இம்மியாகத் திருப்பினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நெஞ்சுச் சளி மாதிரி கேக்குது. இன்னும் திருப்பு. போதும் போதும், இப்ப இருமுது."

மாமா முழக்கோலால் முதுகைச் சொறிந்துகொண்டே வேடிக்கை பார்த்தார். "செத்த கேசட்டுக்கு வைத்தியம் பாக்குற ஒரே டிரெஸ்ஸர் நீதான்."

பிறகு ஒரு திருப்பில் கிரீச்சல் கூர்மையானது. திரை ஒருகணம் காலியானது. எழுத்து வந்தது. நீ ஒரு இரும்புக் கதவின் முன் நிற்கிறாய். உன் விளக்கு மங்குகிறது.

மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொரு முறை படித்தார். முன்கடைக்குப் போனார். சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்களிடம், அவர்கள் கேட்காமலேயே, டிரெஸ்ஸர் பொய் சொல்லவில்லை என்று அறிவித்தார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி வந்து, "நெசமாதான்லா நின்னிருக்க. சரி, தொற," என்றார்.

சூசை அண்ணன் திறக்கவில்லை. புதுக் கேசட் மூன்று வாங்கி வரச் சொல்லி, மூன்றிலும் அதே இடத்தைப் பதிந்தார். ஆளுக்கொன்று.

"தொறந்தா ஆட்டம் முடிஞ்சிரும். அப்புறம் ஞாயித்துக்கிழமை உன் மூஞ்சியப் பாக்க நான் எதுக்கு வரணும்?"

கடைசி ஞாயிறு வரை வந்தார். இருவரும் முதலிலிருந்து ஆடினார்கள். கதவு மூடியபடியே இருந்தது.

அடக்கம் முடிந்ததற்கு அடுத்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு, ரெஜினா அக்கா கடைக்கு வந்தார். கைப்பையில் சூசை அண்ணன் பங்குக் கேசட். என்னிடம் நீட்டினார். போட்டேன். கிரீச்சல். எழுத்து. அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

மாமாவைத் தட்டச் சொன்னோம். கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. அக்காதான் நாற்காலியை இழுத்துப்போட்டு, ஒரு விரலால், எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினார். கதவைத் திற.

தரை விலகியது. பள்ளத்தில் விழுந்து இறந்துவிட்டாய் என்றது திரை.

மாமா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எழுந்தேன். சிரிப்பு. கண்ணிலிருந்து நீர் வழிய வழியச் சிரிப்பு.

"வலிக்கவே இல்ல," என்றார். "நாடாவச் சுத்திப் போடு தங்கச்சி. மறுபடியும்."

சுற்றிப் போட்டேன். மறுபடி கதவின் முன் நின்றார். அன்று மட்டும் பலமுறை விழுந்தோம். மாமாவும் தட்டினார். ஒவ்வொரு முறையும் சூசை அண்ணன் திரும்பி வந்து நின்றார், விளக்கோடு. உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியாது. அக்கா இப்போது எல்லா ஞாயிறும் வருகிறாராம்.

என் பங்குக் கேசட் விடுதி அறையில், மழை படாத அலமாரியில் இருக்கிறது. இங்கே அதைப் போட்டுப் பார்க்கக் கணினி இல்லை. சில நாள் ரெக்கார்டரில் போட்டுக் கேட்கிறேன். ஒரு நிமிடம்கூட வராத சத்தம். சளி இல்லை, இருமல் இல்லை. அதுவும் தோளில் ஒரு தழும்பும் என்னிடம் இருக்கின்றன.