சொல்லாததெல்லாம் இல்லை

என் தங்கை "இல்லை" என்று சட்டென்று சொல்லவே மாட்டாள். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டால், "எனக்குத் தெரிஞ்சு இல்ல, இரு, பாத்துட்டு சொல்றேன்" என்பாள். எழுந்து போய் டப்பாவைத் திறந்து, கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். கல்யாணமான புதிதில் அவள் கணவர் சிரித்தார். பிறகு அலுத்துக்கொண்டார். இப்போது கேட்பதை விட்டுவிட்டுத் தானே போய்ப் பார்த்துக்கொள்கிறார். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள், அதனால் வந்த பழக்கம் என்று நினைக்கிறார். பாடத்தால் வந்ததுதான். ஆனால் அவள் படிக்கிற காலத்திலேயே வந்துவிட்டது. வந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் தைத்துக்கொடுக்கிறேன். துணி வெட்டும் மேசையில் பாதி எனக்கு, பாதி அவள் படிப்புக்கு. கடைசி வருஷம் அவளுக்கு தர்க்க நிரலாக்கம் என்று ஒரு பாடம் வந்தது.

"மத்ததுல எல்லாம் இதைச் செய், அப்புறம் அதைச் செய்னு கம்ப்யூட்டருக்கு வரிசையா சொல்லணும்க்கா. இதுல அப்படிக் கிடையாது. நமக்குத் தெரிஞ்ச உண்மையைச் சொல்லணும், விதியைச் சொல்லணும். கேள்வி கேட்டா அதுவே தேடிப் பார்த்துப் பதில் சொல்லும்."

எங்கள் குடும்பத்தையே கம்ப்யூட்டரில் எழுதிக் காட்டினாள். யார் யாருடைய பிள்ளை, யார் ஆண், யார் மூத்தவர். பாடப்புத்தகத்தில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே விதிதான் இருந்ததாம்.

"எழுதினவன் சொந்தக்காரங்க வீட்டுப் பக்கமே போனதில்ல போலிருக்கு" என்றேன். "சரி, நான் எட்டாவது படிச்சேனான்னு கேளு."

தட்டினாள். இல்லை என்று வந்தது.

"நான் அதைச் சொல்லவே இல்லையேக்கா. சொல்லாததெல்லாம் அதுக்கு இல்லதான். தெரியாதுன்னு ஒரு பதில் அதுகிட்ட கிடையாது."

"நம்ம அத்தை மாதிரி. அவங்க போகாத கல்யாணம் நடக்கவே இல்லம்பாங்க."

எதிரே உட்கார்ந்திருந்த சுருட்டை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கையோடு படித்தவள். தலைமுடியால் வந்த பெயர். எங்கோ தள்ளி, புதிதாக ஆட்கள் குடியேறிய ஒரு பகுதியிலிருந்து வந்து, விடுதியில் தற்காலிகமாக ஒரு கட்டிலில் இருந்தாள். வந்தால் அதிகம் பேசமாட்டாள். நான் வெட்டிப்போட்ட துணியிலிருந்து நூலை உருவி விரலில் சுற்றிக்கொண்டிருப்பாள். நானும் பேசத் தெரியாதவள். அவள் இருந்தால் எனக்குக் கூச்சமாக இருக்காது.

அந்த வருஷம் விடுதியில் அறைகள் போதவில்லை. யாருக்கு அறை என்று முடிவு செய்கிற புரோகிராமை எழுதும் வேலையைப் பேராசிரியர் தங்கையிடம் கொடுத்தார். அவளுடைய கடைசி வருஷப் பிராஜெக்ட்டும் அதுவே. தினமும் வந்துபோக முடியாத தூரத்தில் வீடு இருந்தால் அறை உண்டு என்பது முக்கியமான விதி. ஒவ்வொருவர் ஊருக்கும் பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்று உட்கார்ந்து எழுதினாள். சுருட்டையின் ஊர் மட்டும் எந்த வரைபடத்திலும் இல்லை. நாளைக்கு அவளையே கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டாள்.

மறுநாள் காலையிலேயே விடுதிக் காப்பாளர் வந்து நின்றார். பேராசிரியர், "ஓட்டிக் காட்டும்மா" என்றார். ஓட்டிக் காட்டினாள். அரை நிமிஷத்தில் எல்லாருக்கும் உண்டு, இல்லை என்று பதில் வந்துவிட்டது. பேராசிரியர் கைதட்டினார். மத்தியானமே பலகையில் ஒட்டினார்கள். சுருட்டைக்கு இல்லை என்றிருந்தது.

அவள் யாரிடமும் ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது எங்கள் வாசலில் நின்று, "வரேன்க்கா" என்றாள். "மெஷின் பாத்து சொன்னா சரியாத்தான் இருக்கும்." தங்கையும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். அவளைவிடத் தூரத்துக்காரர்கள் நிறையப் பேர் போல என்றாள்.

சில நாள் கழித்து, தங்கை பிராஜெக்ட் அறிக்கை எழுதும்போது எதையோ சரிபார்க்கத் தட்டிக்கொண்டிருந்தாள். விரல் சத்தம் நின்றது. நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா."

அன்று தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். குளிக்கிற சத்தம் இல்லை, தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். வெளியே வந்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். சொல்லிவிட்டாள்.

"அவ ஊர் எவ்வளவு தூரம்னு நான் சொல்லவே இல்லக்கா. அதனால தூரமே இல்லன்னு எடுத்துக்கிச்சு."

"சார்கிட்ட சொல்லு."

"பிராஜெக்ட் போயிடும். விடுதிக்கெல்லாம் இதையே வெச்சுக்கலாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கார்."

"சொல்லலன்னா?"

திங்கட்கிழமை சொல்கிறேன் என்றாள். திங்கட்கிழமை அவருக்கு ஏதோ கூட்டமாம். அதற்கு மறுநாள் அறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும் போல. வாரம் முடியும்போதுதான் சொன்னாள்.

பேராசிரியர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "ரெண்டாவது வாரப் பாடம்மா இது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பிறகு, "ஒரு அறைக்கு நான் ஏற்பாடு பண்றேன். அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா" என்றிருக்கிறார்.

தனியாகப் போகப் பயந்தாள். நானும் போனேன். இரண்டு பஸ் மாறி, செம்மண் பாதையில் நடந்து போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அந்தத் தூரத்தைக் கால் சொன்னது.

சுருட்டையின் அப்பா வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். தங்கை தப்பைச் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"இல்லன்னு ஒட்டினீங்க. சரின்னு பெட்டியோட வந்துட்டா. இப்ப இருக்குங்கறீங்க. நாளைக்கு மறுபடி இல்லம்பீங்க. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் யாராவது வருவாங்கன்னு பாத்துட்டிருந்தா. அப்புறம் அவளே துணிக்கடைக்கு வேலைக்குப் போயிட்டா. நல்லாத்தான் இருக்கா. விட்டுடுங்கம்மா."

போன வெள்ளிக்கிழமை தங்கைக்கு விஷயம் தெரிந்திருந்தது. குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்த நாட்கள் அவை.

கடைக்குப் போனோம். சுருட்டை துணி அளந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்று என்னைத்தான் முதலில் அழைத்தாள். தங்கை எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். சுருட்டை துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மெஷினுக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியலன்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? பக்கத்து பெஞ்சுலதானே உக்காந்திருந்தேன்."

"மறந்துட்டேன்."

"பேர் வரலன்னதும் நீயாவது ஏன்னு கேப்பேன்னு நினைச்சேன்."

தங்கை அழுதாள். சுருட்டை அழவில்லை. அடுத்த ஆள் நிற்கிறார் என்று கண்ணால் காட்டினாள். நகர்ந்து நின்றோம். திரும்பி வருகிறாயா என்று கேட்டதற்கு, அப்பாவிடம் மறுபடி ஆரம்பிக்கத் தெம்பில்லை என்றாள். யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

பஸ்ஸில் தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "கேக்காம விட்டது ஒரு நாள்தான்க்கா. சொல்லாம இருந்தது ஒரு வாரம்" என்றாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அவள் அதே பாடத்தை அதே கட்டடத்தில் நடத்துகிறாள். அறை ஒதுக்குகிற வேலை இன்றும் கம்ப்யூட்டர்தான் செய்கிறது. ஆனால் ஒட்டுவதற்கு முன்னால், இல்லை என்று வந்த ஒவ்வொருவரையும் இவள் நேரில் கூப்பிட்டுக் கேட்கிறாள்.

சுருட்டை பட்டம் முடிக்கவில்லை. அந்தத் துணிக்கடையின் நகரத்துக் கிளைக்கு மாறி வந்துவிட்டாள். லைனிங் துணி நான் அவளிடம்தான் வாங்குகிறேன். என்னோடு நன்றாகப் பேசுகிறாள். தங்கை கூடவே வந்தால் வாசலோடு நின்றுகொள்கிறாள். சுருட்டை அவளை உள்ளே வா என்று கூப்பிடுவதில்லை.