அத்தை கேட்டு வாங்கிய கைக்கடிகாரம்

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு கைக்கடிகாரத்தை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். மறந்து போனதல்ல. அத்தைதான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். மட்டாஞ்சேரியில் இஞ்சி, மிளகுக் கிடங்குகள் வரிசையாக இருக்கும் தெருவில் எங்கள் வீடு. கீழே அப்பாவின் கடிகாரக் கடை, மாடியில் நாங்கள். கடை அப்பாவுடையதுதான். ஆனால் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு மேசையில் குனிந்திருப்பது அவருடைய தங்கையான அத்தை. எர்ணாகுளத்தில் அவள் கடிகாரப் பழுது படித்த வகுப்பில் வேறு பெண்களே கிடையாதாம். அப்பாவுக்கு பாட்டரி மாற்றத் தெரியும், பட்டை மாற்றத் தெரியும், வந்தவர்களிடம் பேசத் தெரியும். கடைசியில் சொன்னதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வந்தவர்கள் திருப்பூணித்துறைக்காரர்கள். மாப்பிள்ளைக்கு ஏலூரில் உரத் தொழிற்சாலையில் வேலை. அவருடைய அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அம்மா நேந்திரம்பழத்தில் பொரித்த பழம்பொரியைப் பாராட்டினார், மழையைப் பற்றிப் பேசினார், நடுநடுவே தன் கைக்கடிகாரத்தின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். அது பழைய காலத்து கிரோனோகிராஃப், அதாவது ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் பிடிக்கிற வசதியும் சேர்ந்த கைக்கடிகாரம். ஒரு பொத்தானை அழுத்தினால் நீளமான முள் கிளம்பும், மறுபடி அழுத்தினால் நிற்கும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் அது பன்னிரண்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை.

தலை நிமிராமல் உட்கார்ந்திருக்க வேண்டிய அத்தை, தலையை நன்றாக நிமிர்த்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா, கல்யாணத்துக்கப்புறம் கடையில் போய் உட்கார வேண்டிய அவசியமெல்லாம் இருக்காது என்று பிரியமாகத்தான் சொன்னார். அப்பா அவசரமாகத் தலையாட்டினார். அத்தை மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த முள் எத்தனை நாளா திரும்பறதில்லை, மாமா?"

வருஷக்கணக்காகிறது என்றார் அவர். எர்ணாகுளத்தில் எல்லாக் கடையிலும் ஏறி இறங்கியாயிற்று, உதிரி பாகம் கிடைக்காது, பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"இங்கே வெச்சுட்டுப் போங்கோ. நான் நன்னாக்கித் தரேன்."

அம்மா என்னைப் பார்த்தாள், அப்பா சுவரைப் பார்த்தார். மாப்பிள்ளை மட்டும் அத்தையை அப்போதுதான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பெரியவர் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து முடிவைச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். கடிகாரத்தின் முடிவையா கல்யாணத்தின் முடிவையா என்பது யாருக்கும் தெளிவாகவில்லை.

அன்று வீட்டில் நடந்த சண்டையில் அப்பா தனி ஆளாகவே கத்தினார். அத்தை அதற்குள் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்துவிட்டிருந்தாள்.

உள்ளே ஒரு ஊரே இருந்தது. சக்கரத்தின் மேல் சக்கரம், அதன் மேல் கொக்கி, கொக்கியைப் பிடித்துக்கொண்டு கம்பி. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தாள். முள்ளைத் தட்டித் திருப்பும் சுத்தியல் போன்ற ஒரு குட்டித் துண்டு உண்டு. அதைத் தள்ளுகிற ஸ்பிரிங் முறிந்திருந்தது. கோளாறு அதுதான். தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பி.

கத்தி முடித்த அப்பா மறுநாளே படகேறி எர்ணாகுளத்துக்குப் போய் அந்த ஸ்பிரிங்கைத் தேடினார். கிடைக்கவில்லை. அத்தை பக்கத்துத் தெருவில் கிட்டார் வாசிக்கிற ஒருவரிடம் அறுந்த தந்தி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதைத் தேய்த்துத் தேய்த்து வளைத்தாள். முதலில் செய்தது முறிந்தது. அடுத்தது தளர்ந்து போனது. வாரம் முழுக்க அவள் விரல் நுனிகள் சிவந்திருந்தன. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்குப் பிடித்த மாதிரி ஒன்று அமைந்தது. அதைப் பொருத்தப் போகும்போது இடுக்கியிலிருந்து தெறித்து, எங்கோ போய்விட்டது.

அத்தை நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. "யாரும் அனங்கப்படாது, இருந்த இடத்திலேயே இருங்கோ. ஃபேனை நிறுத்துங்கோ" என்றாள்.

அப்பா ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தோடு ஓடிவந்தார். காந்தம் பட்டால் கம்பியே காந்தமாகி மொத்தக் கடிகாரத்தையும் கெடுத்துவிடும் என்று அவரை வாசலிலேயே நிறுத்தினாள். கண்ணால்தான் தேட வேண்டும். புழுக்கத்தில் நாங்கள் நான்கு பேரும் கடைத் தரையில் குப்புறப் படுத்தோம். டார்ச்சைத் தரையோடு சேர்த்து அடித்தால் சின்னத் துரும்புக்கும் நீண்ட நிழல் விழும் என்று அத்தை சொன்னாள். ஊசி கிடைத்தது, என் பழைய பாசிமணி கிடைத்தது, அப்பா போன மாதம் தொலைத்த சின்னத் திருகாணி கிடைத்தது. ஸ்பிரிங் கிடைக்கவில்லை. அவர்கள் வர அதிக நேரமில்லை. அம்மா எழுந்து, சாரமில்லை, போனால் போகட்டும் என்றாள். அத்தை டார்ச்சை மேசைக்கடியில் இன்னும் உள்ளே நீட்டினாள்.

வாசலில் ஒரு கயிற்று மிதியடி கிடந்தது. அதன் நார்களுக்கு நடுவே ஒரு நார் மட்டும் மினுங்கியது.

"அத்தை, இதுவா?"

அவள் தவழ்ந்தே வந்தாள். இடுக்கியால் அதை எடுத்த பிறகுதான் மூச்சு விட்டாள். பிறகு என் கன்னத்தை, பெட்ரோல் வாசனை அடிக்கும் கையால் அழுத்திப் பிடித்து முத்தமிட்டாள்.

அவர்கள் கடைப் படியேறி வந்தபோது கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். முகம் கழுவவில்லை, புடவை மாற்றவில்லை. கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

பெரியவர் அழுத்தினார். முள் கிளம்பியது. அழுத்தினார், நின்றது. மற்றப் பொத்தானை அழுத்தினார். கண் சிமிட்டும் முன் பன்னிரண்டில் போய் நின்றது. அவர் நம்பவில்லை, மறுபடி செய்தார். மறுபடியும் செய்தார். பிறகு மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

"அந்த இஞ்சிக் கிடங்கைத் தொட்டுட்டு வா" என்றார்.

தொழிற்சாலையில் பொறுப்பான வேலை பார்க்கும் அந்த மனிதர், பெண் வீட்டார் எதிரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். சுமை தூக்குகிற சேட்டன்மார் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். அவர் திரும்பி வந்து நின்ற கணத்தில் பெரியவர் பொத்தானை அழுத்தி, நேரத்தைத் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார். அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. அவரும் சிரித்தார்.

மாடிக்கு வந்ததும் அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"நான் வரதானா என் மேசையும் கூட வரும். அங்கேயும் இதே வேலையைத்தான் செய்வேன்."

மாப்பிள்ளையின் அம்மா கணவரைப் பார்த்தார். அவர் இன்னும் முள்ளைத் திருப்பிக்கொண்டே சொன்னார்.

"எங்காத்து ஹாலில் கிழக்கே பெரிய ஜன்னல் இருக்கு. நல்ல வெளிச்சம் வரும். அங்கே போட்டுக்கோ."

அப்பா அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

அன்று என் வாழ்நாளிலேயே பெரிய வெற்றி எனக்கு. ஸ்பிரிங்கைக் கண்டுபிடித்தது நான்தான் என்று வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். கீழே போய்ச் சுமைக்காரர்களிடமும் சொன்னேன். பெரியவர் கடிகாரத்தை என் கையில் கட்டிவிட்டு, முள்ளை ஒருமுறை ஓட்டித் திருப்பச் சொன்னார். அம்மா மட்டும் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "நோக்கு இத்தனை சந்தோஷமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துச் சற்று நேரம் அணைத்துக்கொண்டு, இன்னொரு பழம்பொரியைத் தந்தாள்.

கல்யாணம் முடிந்து, மேசையை ஏற்றிய வண்டி அத்தையோடு தெருமுனையில் திரும்பும்வரை நான்தான் எல்லாரையும்விட உற்சாகமாகக் கையசைத்தேன். திருப்பூணித்துறைக்கு பஸ் உண்டென்று எனக்குத் தெரியும். அதனால் மேசையைப் போட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அத்தை வந்துவிடுவாள் என்று, அவள் தட்டையும் எடுத்து வைத்தேன்.